நாம் கைதட்டியது பாதி அணிக்கு

2023 அக்டோபர் 23. சேப்பாக்கத்தில் ஆப்கானிஸ்தானுக்கும் பாகிஸ்தானுக்கும் உலகக் கோப்பை மேட்ச். புழலிலிருந்து இரண்டு பஸ் மாறிப் பேரனை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். பாகிஸ்தான் 50 ஓவரில் 282 அடித்தது. "முடிஞ்சது தாத்தா, ஆப்கானிஸ்தான் அவ்வளவுதான்" என்றான் பேரன். ஆனால் அவர்கள் 49 ஓவரில், இரண்டே விக்கெட் இழப்பில், அந்த ரன்னை எடுத்து முடித்துவிட்டார்கள். அரங்கமே எழுந்து நின்றது. ஆப்கன் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து நமக்கு நன்றி சொன்னார்கள். ரஷீத் கானும் நம் இர்ஃபான் பதானும் சேர்ந்து ஆடினார்கள். 87 ரன் எடுத்த இப்ராஹிம் ஜத்ரான், தன் ஆட்டநாயகன் விருதைப் பாகிஸ்தானிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டுக்கொண்டிருந்த ஆப்கன் அகதிகளுக்குச் சமர்ப்பிப்பதாகச் சொன்னார்.

காவாங்கரையில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கும் புழலில் வசிப்பவன் நான். அகதி என்ற சொல் எனக்குப் பேப்பரில் மட்டும் படிக்கிற சொல் அல்ல. அவர் பேசியதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. கை வலிக்கத் தட்டினேன்.

ஆனால் ஒரு கேள்வி அன்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்த நாட்டின் பெண்கள் அணி எங்கே? பிறகு தெரிந்துகொண்டபோது வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். 2020 நவம்பரில் ஆப்கானிஸ்தான் கிரிக்கெட் போர்டு 25 பெண்களுக்கு ஒப்பந்தம் கொடுத்தது. காபூலில் முகாம் வைத்துத் தேர்வு செய்யப்பட்டவர்கள். 2021 ஆகஸ்ட் 15-ல் தாலிபான் காபூலுக்குள் நுழைந்தது. அத்தோடு பெண்கள் கிரிக்கெட் முடிந்தது. பேட்டும் சீருடையும் வீட்டில் இருந்தால் உயிருக்கு ஆபத்து என்று தங்கள் கிரிக்கெட் சாமான்களைத் தாங்களே எரித்துவிட்டு ஒளிந்து வாழ்ந்தவர்கள் உண்டு. பெரும்பாலானோர் எல்லை தாண்டிப் பாகிஸ்தான் போய், அங்கிருந்து ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுக்குத் துணை நின்றவர் மெல் ஜோன்ஸ் என்ற முன்னாள் ஆஸ்திரேலிய வீராங்கனை. எந்தக் கிரிக்கெட் போர்டும் முன்னால் வந்து நிற்கவில்லை. ஒரு தனிப்பட்ட பெண்மணி நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு செய்த வேலை அது.

இன்று அவர்கள் மெல்பர்னிலும் கான்பெராவிலும் உள்ளூர் கிளப்புகளில் ஆடுகிறார்கள். 2024-ல் அவர்களில் 17 பேர் ஐ.சி.சி.க்கு ஒரு கடிதம் எழுதினார்கள். எங்களை ஆப்கானிஸ்தானின் தேசிய அணி என்று அழைக்கக்கூட வேண்டாம், அகதிகள் அணி என்றாவது ஆட விடுங்கள் என்பதுதான் அதன் சாரம். 2025 ஜனவரி 30 அன்று மெல்பர்ன் ஜங்ஷன் ஓவல் மைதானத்தில், நஹிதா சபன் தலைமையில், முதல் முறையாக ஓர் அணியாகச் சேர்ந்து 20 ஓவர் மேட்ச் ஒன்று ஆடினார்கள். தோற்றார்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகி நாலு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு ஆடிய முதல் மேட்ச். அதுவும் காட்சி ஆட்டம்தான், எந்தப் பதிவேட்டிலும் சேராது.

போன வாரம் காலை நடை முடித்து டீக்கடையில் நின்றபோது இதைப் பற்றிப் பேச்சு வந்தது. எங்கள் நடைக் கூட்டத்தில் துறைமுகத்தில் இருந்தவர், பள்ளிக்கூட வாத்தியார், எண்ணூர்ப் பக்கம் கம்பெனியில் வேலை பார்த்தவர் என்று எல்லா வகையும் உண்டு. நான் சொன்னதை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆளுக்கொரு வாதம் வைத்தார்கள். டீக்கடையில் பதில் சொல்ல எனக்கு வாய் போதவில்லை. இங்கே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

"விளையாட்டுல எதுக்கு சார் அரசியல்?" என்பது முதல் வாதம்.

ஒரு நாட்டின் அரசாங்கம் பாதி ஜனங்களை மைதானத்துக்குள் விடமாட்டேன் என்றால், அரசியலை விளையாட்டுக்குள் கொண்டுவந்தது யார்? கேட்கிறவனா, தடுத்தவனா? அரசாங்கத் தலையீடு என்றால் ஐ.சி.சி.க்குக் கோபம் வராது என்றும் சொல்ல முடியாது. 2019 ஜூலையில் ஜிம்பாப்வே போர்டை அதற்காகத்தான் இடைநீக்கம் செய்தார்கள். 2023 நவம்பர் 10 அன்று இலங்கை போர்டை இடைநீக்கம் செய்தார்கள். அதாவது சேப்பாக்கத்தில் நான் கைதட்டிய பதினெட்டாம் நாள். இலங்கையில் நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையையே தென்னாப்பிரிக்காவுக்கு மாற்றினார்கள். ஓர் அமைச்சர் போர்டு நிர்வாகத்தைக் கலைத்தால் அது தலையீடு. ஓர் அரசாங்கம் ஒரு முழு அணியையே நாட்டைவிட்டு ஓடவைத்தால் அது தலையீடு இல்லையாம். அந்த நாட்டுச் சட்டத்துக்குள்தானே அந்த போர்டு இயங்க முடியும் என்று சமாதானம் சொல்கிறார்கள். இலங்கை போர்டும் இலங்கைச் சட்டத்துக்குள்தானே இயங்கியது?

இந்த விஷயத்தில் நம் நாட்டுக்கு ஒரு பழைய கணக்கும் உண்டு. 1974-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியா இறுதிப் போட்டிக்குப் போனது. நம் மெட்ராஸ் பிள்ளைகள் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் அது. எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறி நாட்டோடு ஆட மாட்டோம் என்று இந்தியா கோப்பையையே விட்டுக்கொடுத்தது. எனக்கு அப்போது இருபத்தொரு வயது. கோப்பை போய்விட்டதே என்று வயிறெரிந்தது நிஜம். இன்று நினைத்தால், அந்தக் கோப்பையை வாங்கியிருந்தால் வந்திருக்கும் பெருமையைவிட, வாங்காமல் விட்டதில் வந்த பெருமைதான் பெரிதாகத் தெரிகிறது. நாம் அரசியல் கலக்காத நாடு அல்ல. சரியான சமயத்தில் கலந்த நாடு.

இரண்டாவது வாதம் துறைமுக நண்பருடையது. "தாலிபான் பண்ண தப்புக்கு ரஷீத் கானை ஏன் சார் தண்டிக்கணும்?"

இதில் நியாயம் இருக்கிறது. ரஷீத் கானும் முகமது நபியும் 2024 டிசம்பரில், பெண்கள் மருத்துவப் படிப்பு படிக்கத் தடை வந்தபோது, வெளிப்படையாக அதை எதிர்த்துப் பேசியவர்கள். குடும்பமும் சொந்தமும் அங்கே இருக்க, அப்படிப் பேசுவதற்குத் துணிச்சல் வேண்டும். அந்த அணியே பெஷாவர்ப் பக்கத்து அகதி முகாம்களில் கிரிக்கெட் கற்றுக்கொண்ட பிள்ளைகளால் உருவானது. அவர்களை வெளியே தள்ளினால் தாலிபானுக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

அதனால்தான் நான் புறக்கணிப்பு கேட்கவில்லை. புறக்கணிப்பு கேட்டவர்கள் செய்வதையும் பார்த்துவிட்டோம். ஆஸ்திரேலியா 2021-ல் ஹோபார்ட் டெஸ்டை நிறுத்தியது, 2023-லும் 2024-லும் தொடர்களைத் தவிர்த்தது. ஆனால் உலகக் கோப்பையில் புள்ளி வேண்டும் என்றால் வான்கடேயில் அதே ஆப்கானிஸ்தானோடு ஆடியது, மேக்ஸ்வெல் 201 அடித்தார், நாமும் கொண்டாடினோம். நூற்றுக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் எம்.பி.க்கள் 2025 சாம்பியன்ஸ் டிராபியில் ஆப்கானிஸ்தானோடு ஆடாதீர்கள் என்று இங்கிலாந்து போர்டைக் கேட்டார்கள். லாகூரில் இங்கிலாந்து ஆடியது, தோற்கவும் செய்தது. இந்த அரைகுறைப் புறக்கணிப்பால் மெல்பர்னில் இருக்கும் அந்தப் பெண்களுக்கு ஒரு பந்துகூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை.

நான் கேட்பது வேறு. ஆண்கள் ஆடட்டும். பெண்களையும் ஆட விடுங்கள். ஆண்களை நிறுத்துவதா வேண்டாமா என்று நான்கு வருஷம் பேசிப் பேசியே, பெண்களுக்கு என்ன செய்வது என்ற கேள்வியை எல்லோரும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

மூன்றாவது வாதம் வாத்தியார் வைத்தது. சட்டம் பேசுகிறவர் அவர். "அங்கீகாரம் பெற்ற போர்டு தேர்ந்தெடுக்காத அணி எப்படி சார் தேசிய அணி ஆகும்?"

வாத்தியார் அவர்களே, நம் கதையையே பாருங்கள். இந்தியப் பெண்கள் கிரிக்கெட் சங்கம் 1973-ல் லக்னோவில் ஆரம்பிக்கப்பட்டது. 1976-ல் மேற்கிந்தியத் தீவுகளோடு முதல் டெஸ்ட் ஆடினார்கள். அதே தொடரில் பாட்னாவில் முதல் வெற்றி. கேப்டன் மெட்ராஸில் பிறந்த சாந்தா ரங்கசாமி. தமிழ்நாட்டுக்கு ஆடிய சுதா ஷா அந்தத் தொடர் முதல் 21 டெஸ்ட் ஆடி, பின்னால் இந்திய அணிக்கே பயிற்சியாளர் ஆனவர். இவர்களில் யாரையும் பி.சி.சி.ஐ. தேர்ந்தெடுக்கவில்லை. பெண்கள் கிரிக்கெட் பி.சி.சி.ஐ.யின் கீழ் வந்தது 2006-ல். அதற்கு முந்தைய முப்பது வருஷம், ரிசர்வேஷன் இல்லாத ரயில் பெட்டியில் போய், கிடைத்த கூடத்தில் படுத்து ஆடிய அந்தப் பெண்களின் அணி இந்திய அணி இல்லையா? 1978-ல் இந்தியாவில் ஒரு பெண்கள் உலகக் கோப்பையே நடந்தது. அதையும் பி.சி.சி.ஐ. நடத்தவில்லை. 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் ஹர்மன்பிரீத் கோப்பையைத் தூக்கியபோது ஊரே வெடி வெடித்தது. போர்டு முத்திரை இல்லாமல் ஆடிய அந்தப் பழைய அணி இல்லாவிட்டால் அந்தக் கோப்பை ஏது?

இன்னொன்றும் சொல்கிறேன். உலகத்தின் முதல் கிரிக்கெட் உலகக் கோப்பை பெண்களுடையது. 1973-ல் இங்கிலாந்தில், ஆண்கள் உலகக் கோப்பைக்கு இரண்டு வருஷம் முந்தி நடந்தது. அதில் 'இன்டர்நேஷனல் லெவன்' என்ற பெயரில் ஓர் அணி ஆடியது. எந்த ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லாத அணி. 1982 உலகக் கோப்பையிலும் அப்படி ஓர் அணி இருந்தது. நாடில்லாத அணி உலகக் கோப்பையில் ஆடுவது புதுமை அல்ல. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் காசில்லாத பெண்கள் செய்து காட்டியதைத்தான், கோடிகளில் புரளும் ஐ.சி.சி. இன்று முடியாது என்கிறது.

மற்ற விளையாட்டுகளிலும் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். 2016 முதல் ஒலிம்பிக்கில் அகதிகள் அணி இருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆப்கானிஸ்தான் பெயரிலேயே மூன்று ஆண்கள், மூன்று பெண்கள் பங்கேற்றார்கள். தாலிபான் அதிகாரி ஒருவரையும் உள்ளே விடவில்லை. ஃபிஃபா 2025-ல் ஆப்கன் அகதிப் பெண்களுக்கென்று ஒரு கால்பந்து அணிக்கு ஒப்புதல் கொடுத்தது. அவர்கள் மொராக்கோவில் சாட், துனீசியா, லிபியா அணிகளோடு மோதினார்கள், லிபியாவை ஜெயித்தார்கள். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டும் வருகிறது, ஆண் பெண் இருபாலருக்கும். ஒலிம்பிக்கில் இடம் கேட்டு வாங்கியவர்கள் ஒலிம்பிக் காட்டிய வழியை மட்டும் ஏன் பார்க்க மாட்டார்கள்?

நான்காவது வாதம்: "அந்தப் பொண்ணுங்களுக்கு அவ்வளவு தரம் இருக்கா?"

ஆட விட்டால்தானே தரம் வரும். தாய்லாந்தில் கிரிக்கெட் என்றால் என்னவென்று கேட்பார்கள் என்று நினைத்திருந்தோம். அந்த நாட்டுப் பெண்கள் 2020 டி20 உலகக் கோப்பைக்கே தகுதி பெற்றார்கள். 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானைத் தோற்கடித்தார்கள். ஆப்கானிஸ்தானின் ஆண்கள்கூட 2018-ல் பெங்களூருவில் முதல் டெஸ்ட் ஆடியபோது இரண்டே நாளில் நம்மிடம் சுருண்டார்கள். தரமில்லை என்று அன்று அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் சேப்பாக்கத்தில் நான் பார்த்த மேட்ச் நடந்திருக்குமா? நொய்டாவிலும் டேராடூனிலும் லக்னோவிலும் அவர்களுக்கு மைதானம் கொடுத்தது நாம். ஆண்களை வளர்த்துவிட்ட கை பெண்களுக்கு மட்டும் நீளாதா?

இனி காசுக் கணக்குக்கு வருகிறேன். விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. 2017 ஜூன் 22 அன்று ஆப்கானிஸ்தானும் அயர்லாந்தும் ஒரே நாளில் ஐ.சி.சி.யின் முழு உறுப்பினர் ஆயின. முழு உறுப்பினர்கள் மொத்தம் பன்னிரண்டு. அதில் பெண்கள் அணி இல்லாத நாடு ஆப்கானிஸ்தான் ஒன்றுதான். 2024 முதல் 2027 வரையிலான பங்கீட்டில் ஆப்கானிஸ்தான் போர்டுக்கு வருஷத்துக்குச் சுமார் 1 கோடியே 68 லட்சம் டாலர் என்று செய்தி வந்தது. நம் பணத்தில் நூறு கோடி ரூபாயைத் தாண்டும். ஒரு முழு உறுப்பினருக்கான பங்கு அது. முழு உறுப்பினர் என்றால் ஆணும் பெண்ணும் சேர்ந்துதான். பாதி வேலையை நிறுத்திவிட்ட கான்ட்ராக்டருக்கு முழு பில்லையும் பாஸ் செய்தால் எந்த ஆபீஸிலும் ஆடிட்டர் விடமாட்டார். என் சர்வீஸில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் நான் விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

2025 ஏப்ரலில் ஐ.சி.சி. ஒரு பணிக்குழு அமைத்தது. இந்தியா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா போர்டுகளோடு சேர்ந்து அந்தப் பெண்களுக்கு நிதியும் பயிற்சியும் தருவதாக அறிவித்தது. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அது இடம்பெயர்ந்த வீராங்கனைகளுக்கான உதவி. அந்தப் பெண்கள் கேட்டது உதவி அல்ல, ஓர் அணியாக ஆடுவதற்கு ஒரு பெயரும் ஒரு அட்டவணையும். உதவித்தொகை வாங்கும் கையை யாரும் ஸ்கோர் போர்டில் எழுதுவதில்லை. இதை எழுதும் வரை அந்த அங்கீகாரம் வந்த செய்தி என் கண்ணில் படவில்லை.

என் கோரிக்கை சின்னது. ஆப்கானிஸ்தான் போர்டுக்குப் போகும் பணத்தில் பெண்களுக்கு உரிய பங்கைத் தனியே எடுத்து வைத்து, அந்த அணிக்கே நேராகக் கொடுங்கள். அகதிகள் அணி என்றோ வேறு பெயரிலோ தகுதிச் சுற்றுகளில் ஆட விடுங்கள். ஐ.சி.சி.யின் தலைவர் நாற்காலியில் இருப்பவர் ஜெய் ஷா, இந்தியர். கிரிக்கெட் வருமானத்தில் பெரும்பங்கு இந்தியாவுக்கு. நாம் சொன்னால் நடக்கும், நாம் சொல்லாவிட்டால் நடக்காது. நமக்கென்ன என்று சொல்லும் உரிமை மற்ற நாடுகளுக்கு இருக்கலாம், நமக்கு இல்லை.

டீக்கடையில் அன்று கடைசி வாதமாக வந்தது, "அவங்கதான் நாட்டை விட்டுட்டுப் போயிட்டாங்களே, இப்ப ஆஸ்திரேலியாக்காரங்கதானே" என்பது. சொன்னவர் தவறான எண்ணத்தில் சொல்லவில்லை. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டு பேசாமல் நின்ற ஒரு பெரியவர் அப்போது வாய் திறந்தார். காவாங்கரை முகாமில் இருப்பவர், எங்களோடு எப்போதாவது நடப்பார்.

"ஐயா, நாட்டை விட்டிட்டு வந்தனாங்கள் எண்டது உண்மை. ஊரின்ர பேரை விட்டிட்டு வரேல்லையே" என்றார்.

அவருடைய பேத்தி புழலில் பிறந்தவள். இலங்கையைப் பார்த்ததே இல்லை. எந்த ஊர் என்று கேட்டால் மன்னார் என்றுதான் சொல்லுவாளாம். இந்தியாவில் பிறந்தும் அவளுக்கு இந்தியக் குடியுரிமை இல்லை. அவள் நாளைக்கு நன்றாகப் பந்து போட்டால் எந்த நாட்டுக்கு ஆடுவாள் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெரியவரும் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. கிளாஸை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு எங்களில் யாரும் வாதாடவில்லை.

இந்தக் கருத்தைச் சுருக்கி மும்பையில் இருக்கும் நம் போர்டு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, நேற்று ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிட்டேன். பதில் வராது என்கிறார்கள் வீட்டில். வராமல் போகலாம். சேப்பாக்கத்துக்கு ஆப்கானிஸ்தான் அணி மறுபடி வந்தால் நான் போவேன், பேரனும் வருவான், ரஷீத் கானுக்குக் கைதட்டவும் செய்வேன். ஆனால் இந்த முறை மேட்ச் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது, அவர்கள் நாட்டில் இன்னொரு அணியும் இருக்கிறது, அதன் கேப்டன் பெயர் நஹிதா சபன் என்று பேரனிடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்.